முதலாண்டு ஆட்டக்காரருக்கு ஒரு விருது

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். நவம்பர் பிறந்ததும் விருது அறிவிப்புகள் வர ஆரம்பிக்கும். சிறந்த முன்கள ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், சிறந்த கோல்கீப்பர், சிறந்த பயிற்சியாளர் என்று போகும் அந்தப் பட்டியலில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அந்த ஆண்டு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களில் சிறந்த ஆட்டக்காரர் யார்? முதலாண்டு மாணவர்களுக்கென்றே வருடா வருடம் தனியாகக் கொடுக்கப்படும் விருது அது. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கலைக்கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கும் உங்களுக்கு, கலிஃபோர்னியாவில் எந்தப் பிள்ளை நன்றாக ஆடினால் என்ன என்று என் மனைவி கேட்பதுண்டு. அதற்கு என்னிடம் நீளமான பதில் இருக்கிறது. இந்த வருடம் அந்தப் பதிலைச் செயலிலும் காட்டப் போகிறோம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அங்கே கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருது ஹெர்மன் டிராஃபி. ஆண்களுக்கு 1967 முதலும் பெண்களுக்கு 1988 முதலும் கொடுத்து வருகிறார்கள். நான்கு வருடப் படிப்பில் பின்பாதியில் இருப்பவர்களே பெரும்பாலும் அதை வாங்குவார்கள். அது நியாயமும்கூட. இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு உடல் வந்திருக்கும், ஆட்டம் பிடிபட்டிருக்கும். அவர்களுக்கு நடுவில் பதினெட்டு வயதுப் பையன் எவ்வளவுதான் ஆடினாலும் கண்ணில் படுவது கடினம். முதலாண்டு விருது அவனைத் தன் வயதொத்தவர்களோடு மட்டும் நிறுத்திப் பார்க்கிறது.

தேர்வு நடக்கும் முறை எனக்கு இன்னும் பிடித்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்று குழுகுழுவாகப் பிரிந்து ஆடுகின்றன. நம் பல்கலைக்கழகங்களில் கல்லூரிகளை மண்டலமாகப் பிரிப்போமே, ஏறக்குறைய அப்படி. அட்லாண்டிக் கோஸ்ட், பிக் டென் போன்ற ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்கென்று ஒரு முதலாண்டு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிறது. நாடு முழுவதற்குமாக ‘சாக்கர் அமெரிக்கா’ இதழ் தனியாக ஒருவரை அறிவித்திருக்கிறது. கான்ஃபரன்ஸ் விருதுகளுக்குப் பொதுவாகப் பயிற்சியாளர்களே ஓட்டுப் போடுகிறார்கள். பெண்கள் கால்பந்தில் பெயர்பெற்ற தென்கிழக்கு கான்ஃபரன்ஸில் ஒரு நிபந்தனை உண்டு: எந்தப் பயிற்சியாளரும் தன் அணிப் பிள்ளைக்கு ஓட்டுப் போடக் கூடாது.

அந்த ஒரு வரியை நான் என் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தன் பிள்ளைக்கு ஓட்டுப் போட முடியாது என்றால், எதிரணியின் முதலாண்டுப் பிள்ளைகளை உற்றுப் பார்த்தாக வேண்டும். பெயர் தெரிய வேண்டும், சட்டை எண் தெரிய வேண்டும், எந்த இடத்தில் ஆடினான், நம் ஆளை எப்படி மடக்கினான் என்பதெல்லாம் நினைவில் இருக்க வேண்டும். ஒரு சீசன் முழுவதும் அத்தனை பயிற்சியாளர்களும் அடுத்த கல்லூரியின் பதினெட்டு வயதுக்காரர்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். விருது ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் கவனிக்கப்படுவது எல்லோரும்.

அங்கேயும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. முதலாண்டு மாணவன் முதலில் படிப்பில் காலூன்றட்டும் என்று சொல்லி, கல்லூரியின் முதன்மை அணியில் அவனைச் சேர்க்காமல் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் அந்தத் தடையை என்.சி.ஏ.ஏ. 1968-இல் எடுத்தது. கூடைப்பந்துக்கும், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் அந்த வேறு ஆட்டத்துக்கும் 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆடவே விடாமல் வைத்திருந்த பிள்ளைகளுக்கு இன்று தனி விருதே கொடுக்கிறார்கள்.

நம் பக்கம் முதலாண்டு மாணவன் ஆடக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. பழக்கம்தான் தடுக்கிறது. மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும். சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கி, எந்தக் கட்டடத்தில் எந்த வகுப்பு என்று பையன் தெரிந்துகொள்வதற்குள் மைதானத்தில் அணித் தேர்வு வந்துவிடும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அட்டவணை கைக்கு வந்ததும் பட்டியல் எழுத உட்காருவோம். இருபது பெயர். மூன்றாம் ஆண்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள்: “சார், எனக்கு இதுதான் கடைசி வருடம்.” அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதை மனத்தில் வைத்து ஒவ்வொரு சான்றிதழையும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்தும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கும் முதுகலைப் பையன்களுக்கும் இடம் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பது இரண்டு, மூன்று பெயர். அந்த இரண்டு, மூன்று முதலாண்டுப் பையன்களும் பந்துப் பையைத் தூக்குவார்கள், தண்ணீர் கேன் நிரப்புவார்கள், ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள் தீபாவளிக்குப் பிறகு மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

நாம் ஆட்டக்காரர்களை இழப்பது இந்த நான்கு மாதத்தில்தான். பள்ளி அணியில் பதினொருவரில் ஒருவனாக ஊரே அறிய ஆடியவன், கல்லூரிக்கு வந்து யாருக்கும் தெரியாதவனாக ஆகிறான். அவன் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை. ஒருவன் நின்றுவிட்டால் அணிக்கு உடனே நஷ்டமும் தெரிவதில்லை. இரண்டு வருடம் கழித்து, அனுபவமுள்ள மூன்றாமாண்டு அணி வேண்டும் என்று திரும்பிப் பார்க்கும்போதுதான் அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

காரணம் எல்லாம் சோம்பல் என்று சொல்பவர்கள் உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் போய் மல்லிகைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். மல்லிகையை மொட்டாகவே பறித்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் விலை இறங்கிவிடும். அதனால் இருட்டிலேயே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு பறிப்பார்கள். பறித்த பூ மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் காலையிலேயே போய்ச் சேர வேண்டும். கோடையில் தொடங்கும் பூ வரத்து ஆவணி, புரட்டாசி வரை குறையாது. எங்கள் அணித் தேர்வும் முதல் சுற்றுப் போட்டிகளும் நடப்பதும் அதே மாதங்களில்தான். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வராத பையனை அணியிலிருந்து எடுத்துவிடும் கல்லூரிகள் உண்டு. அவன் அப்போது கூலி வாங்கிக்கொண்டிருப்பான்.

அடுத்தது கேட்டரிங். ஆவணி முகூர்த்தங்களில் மதுரைக் கல்யாண மண்டபங்களில் இலை போடுவதும் பரிமாறுவதும் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள்தான். ஒரு இரவுக்குக் கிடைக்கும் பணத்தில் பஸ் செலவு, செல்போன் ரீசார்ஜ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அடங்கும். மறுநாள் போட்டியில் கால் கனக்கும். இதையெல்லாம் மீறி மைதானத்துக்கு வர வேண்டுமென்றால், வருவதில் ஏதாவது இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். எனக்கு நன்றாக நினைவிருக்கும் முன்கள ஆட்டக்காரன் ஒருவன், இடது காலாலும் வலது காலாலும் ஒரே மாதிரி அடிப்பான். முதலாண்டில் அவனுக்குக் கிடைத்தது இரண்டு ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள் மட்டும். கார்த்திகையில் நின்றுவிட்டான். இப்போது பைபாஸ் ரோட்டில் ஒரு இருசக்கர வாகன விற்பனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். நல்ல வேலை, நல்ல பிள்ளை, எங்கே பார்த்தாலும் வந்து பேசுவான். பந்தைப் பற்றி மட்டும் பேச மாட்டான்.

இன்னொரு பையனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம். அரசுப் பள்ளி. அணித் தேர்வு அன்று வெறுங்காலோடு நின்றான். யாரோ கொடுத்த பூட்ஸ் பெரிதாக இருந்ததால் முனையில் துணியை அடைத்துக்கொண்டு ஆடினான். நான் அவன் காலைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டான். இதை மூன்றாமாண்டுப் பையன்களுக்கே சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றும். யாரும் கற்றுக்கொடுக்காமல் ஒருவன் அதைச் செய்வது எப்போதோ ஒரு முறைதான் கண்ணில் படும்.

ஸாக்ஸுக்குள், முன்கால் எலும்பைக் காக்கும் ஷின் கார்டு கொஞ்சம் வித்தியாசமாகப் புடைத்துத் தெரிந்தது. எடுத்துக் காட்டச் சொன்னேன். பரீட்சை அட்டை. பத்தாம் வகுப்பில் பயன்படுத்திய அட்டையை இரண்டாக அறுத்து, ஓரத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கி, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பிளாஸ்டிக் குழாயோடு சேர்த்துக் கட்டி வெயிலில் காயவைத்திருக்கிறான். காலுக்கு ஏற்றபடி லேசாக வளைந்திருந்தது. உள்பக்கம் பழைய பனியன் துணி ஒட்டியிருந்தான். ஒரு துண்டின் மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பரீட்சை எண்ணின் பாதி அப்படியே இருந்தது. நடுவர் இதை அனுமதிக்க மாட்டார் என்று சொல்லிக் கல்லூரி ஷின் கார்டு ஒரு ஜோடி கொடுத்தேன். அட்டையைத் தூக்கிப் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பட்டியலில் அவனைச் சேர்த்தோம். ஆனால் லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் இடத்தில் ஏற்கெனவே ஒரு சீனியர் இருந்தான். அவனுக்குக் கணுக்கால் பிசகிய அன்றுதான் இவனுக்கு வாய்ப்பு வந்தது. எதிரில், ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடும் வேகமான விங்கர். முதல் முறை ஏமாந்தான். இரண்டாம் முறை காலை நீட்டவில்லை. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து அவனைக் கோட்டோரம் தள்ளிக்கொண்டு போனான். விங்கருக்குப் பந்தை வெளியே அடிப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. ஆட்டம் முடியும் வரை அந்தப் பக்கத்திலிருந்து, கோல் முன்னால் அடிக்கும் கிராஸ் உருப்படியாக ஒன்றுகூட வரவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம், வேறு பக்கத்திலிருந்து விழுந்த கோலால்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, “சார், அந்த லெஃப்ட் பேக் எந்த ஊர்? முதல் வருடமா?” என்று கேட்டார். பல வருடங்களாகப் போட்டியில் மோதிக்கொள்ளும் கல்லூரி. லேசில் யாரையும் புகழாத மனிதர். பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பையனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “என்னையா சார் கேட்டார்?”

அன்றிலிருந்து மாலைப் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறியதில்லை. ஆறரைக்குப் பயிற்சி முடிந்து, டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் போய், அங்கிருந்து உசிலம்பட்டி பஸ் ஏறி, அதற்கப்புறம் ஊருக்கு ஷேர் ஆட்டோ. வீடு சேர ஒன்பதரை ஆகிவிடும். விடியுமுன் பூப் பறிப்பும் நிற்கவில்லை. பூட்ஸ் மாறவில்லை, பஸ் மாறவில்லை, வீட்டு நிலைமை மாறவில்லை. நம்மைச் சாராத ஒருவர் தன்னைக் கவனித்தார் என்ற ஒரு செய்தி மட்டுமே புதிதாகக் கிடைத்தது. தென்கிழக்கு கான்ஃபரன்ஸின் அந்த நிபந்தனை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும்.

முதலாண்டில் கவனிக்கப்பட்டவர்கள் பிறகு எங்கே போகிறார்கள் என்றும் பார்த்து வருகிறேன். கத்தரீனா மக்காரியோ பிரேசிலில் பிறந்தவர். சிறுமியாகப் பையன்களோடு ஆடி வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் அப்பாவோடும் அண்ணனோடும் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். மருத்துவரான அம்மா பிரேசிலிலேயே தங்கி வேலை பார்த்தார். மகள் கால்பந்து ஆட வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் இரண்டு கண்டங்களில் பிரிந்து வாழ்ந்திருக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த முதல் சீசனிலேயே பசிபிக்-12 கான்ஃபரன்ஸின் சிறந்த முதலாண்டு ஆட்டக்காரர் ஆனார். ஸ்டான்ஃபோர்டும் அந்த வருடம் தேசிய சாம்பியன். 2018, 2019 இரண்டு வருடமும் ஹெர்மன் டிராஃபி அவருக்குத்தான். 2022 ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பார்சிலோனாவை 3-1 என்று அவர் ஆடிய பிரெஞ்சு அணியான லியோன் வென்றபோது அதில் ஒரு கோல் அவருடையது.

ஜாக் ஹாரிசன் கதை வேறு மாதிரி. மான்செஸ்டர் யுனைடெட்டின் அகாடமியில் வளர்ந்த பையன், பதினான்கு வயதில் அதை விட்டு மசாசூசெட்ஸில் ஒரு பள்ளிக்குப் படிக்கப் போனார். 2015-இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் முதலாண்டு விருதை வாங்கினார். அடுத்த ஜனவரியிலேயே, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான எம்.எல்.எஸ். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, கல்லூரியை விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். பிறகு லீட்ஸ் யுனைடெட் அணியோடு பிரீமியர் லீக் வரை போனார். ஒரே வருடத்தில் படிப்பை விட்டுப் போவதை ஒரு ஆசிரியனாக நான் விரும்பவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த வழியும் கிடையாது. நம் பிள்ளைக்குத் தேவை இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் மைதானத்தில் நிற்பதற்கான காரணம்.

மதுரைப் பக்கம் கால்பந்துக்கு எதிர்காலம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2018-19 இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது நம் சேது எஃப்.சி. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்தார்கள். பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்று இருந்த காலத்தில் கிடைத்த வெற்றி அது. இருந்தும் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஒவ்வொரு வருடமும் பதினொரு பேரைச் சேர்ப்பது பெரும்பாடு. முதலாண்டுப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்பது ஆட்டத்தைப் பற்றி அல்ல. “சார், பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? கூட யார் வருவார்கள்?” இரண்டுக்கும் சரியான பதில் சொல்லிவிட்டால் அனுப்பிவிடுவார்கள். முதலாண்டில் நின்றுவிடும் பெண்ணை இரண்டாமாண்டில் திரும்பக் கூட்டி வர முடிவதில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கும். எனவே எங்கள் விருதில் பெண்களுக்குத் தனியாக ஒன்று இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

2020-இல் சேர்ந்தவர்களை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. அமெரிக்காவில் அந்த வருடத்துக் கல்லூரிக் கால்பந்துத் தேசியப் போட்டியை 2021 வசந்தத்துக்குத் தள்ளி வைத்து நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு விளையாடும் தகுதியில் ஒரு வருடம் கூடுதலாகவும் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளின் முதலாண்டு செல்போன் திரையிலேயே கழிந்தது. கூடுதலாக ஒரு வருடம் யாரும் கொடுக்கவில்லை. அந்த அணியின் பலவீனம் அடுத்த மூன்று வருடம் தெரிந்தது.

இந்த வருடம் மதுரையைச் சுற்றியுள்ள நான்கு கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் சேர்ந்து, முதலாண்டு ஆட்டக்காரர் விருது ஒன்றைத் தொடங்குகிறோம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பேச உட்கார்ந்ததும் வந்த முதல் சண்டை, முதலாண்டு என்றால் யார் என்பதில். அமெரிக்காவிலேயே இதில் சிக்கல் உண்டு. முதல் வருடம் ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் களம் இறங்குபவரையும் முதலாண்டு என்று கணக்கு வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து இருபது, இருபத்தொரு வயதில் வந்து சேர்பவரும் முதலாண்டுதான். பதினெட்டு வயதுக்காரனோடு அவரை நிறுத்துவது சரியில்லை. நம் பக்கம் முதுகலை முதலாண்டும் இருக்கிறது. டிப்ளமோ முடித்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் இளங்கலை முதலாண்டு, ஜூலை 1 அன்று இருபது வயது நிறையாதவர் என்று முடிவு செய்தோம். ஒரு நண்பருக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அவர் அணியின் நல்ல பையன் ஒருவன் டிப்ளமோ முடித்து வந்தவன்.

இரண்டாவது, யார் ஓட்டுப் போடுவது. தன் கல்லூரிப் பிள்ளைக்குத் தான் ஓட்டுப் போடக் கூடாது என்ற நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதோடு ஆட்டத்தை நடத்தும் நடுவர்களுக்கும் ஓட்டு உண்டு. நடுவர் எல்லா அணிகளையும் பார்க்கிறார், யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. பந்துக்குப் பக்கத்திலேயே ஓடுபவர் என்பதால் ஓரத்தில் நிற்கும் எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். எவன் விழாமலே விழுந்தான், எவன் அடி வாங்கியும் எழுந்து ஓடினான் என்று நடுவரைக் கேட்டால் சொல்வார்.

மூன்றாவது எனக்கு உயிர்ப் பிரச்சினை. விருது என்று வந்துவிட்டால் கோல் அடித்தவனுக்கே போகும். அங்கேயும் பெரும்பாலும் அப்படித்தான், மேலே நான் சொன்ன இருவருமே கோலை நோக்கித் தாக்கி ஆடுபவர்கள். கோலை எண்ணலாம், நடக்காமல் போன கிராஸை எப்படி எண்ணுவது? அந்த லெஃப்ட் பேக் பையனின் பெயர் எந்த ஸ்கோர் தாளிலும் இருக்காது. ஆகவே ஓட்டுச் சீட்டில் மூன்று பெயர் எழுத வேண்டும், அதில் ஒருவராவது தடுப்பாட்டக்காரராகவோ கோல்கீப்பராகவோ இருக்க வேண்டும் என்று கேட்டேன். வாதம் நீண்டது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். விருதும் தடுப்பாட்டக்காரருக்கு வரும் என்று இதனால் உறுதி கிடையாது. பார்க்கும் கண்ணை அந்தப் பக்கம் திருப்பவாவது செய்யும்.

ஆடவே விடாவிட்டால் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது என்று நடுவர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில், வெளியே போனவர் மறுபடியும் உள்ளே வரலாம் என்ற வசதி இருக்கிறது. அதனால் பயிற்சியாளர் பயமில்லாமல் புதுப்பையனை இறக்கிப் பார்க்கலாம். நமக்கு அது இல்லை. ஆனால் மூன்று மாற்று ஆட்டக்காரர் என்றிருந்தது ஐந்தாகி விட்டது. 2020-இல் தற்காலிகமாக வந்த விதியை 2022-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்த ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு ஆட்டத்திலும், குறைந்தது இருபது நிமிடமாவது முதலாண்டுக்காரருக்கு என்று நாங்கள் நால்வரும் எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். இது எழுத்தில் இல்லை. கைகொடுத்துக்கொண்டதோடு சரி. அரையிறுதியில் சமநிலையில் நிற்கும்போது யார் இதைக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் காப்பாற்றுவேன்.

சின்ன வயதில் விருது கொடுத்தால் தலைக்கனம் ஏறிவிடும் என்று எங்கள் கல்லூரியிலேயே ஒரு மூத்த பேராசிரியர் சொன்னார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நான்கு மணிக்கு எழுந்து பூப் பறித்துவிட்டு, மூன்று பஸ் மாறி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து தூக்கத்தை அடக்கிக்கொண்டு கணக்குப் பதிவியல் கேட்கும் பையனுக்கு ஏறுவதற்குத் தலைக்கனம் எங்கே இருக்கிறது? அவனுக்கு இருப்பதெல்லாம் தயக்கம். சீனியர்கள்கூட நான் நினைத்ததைவிட நன்றாகவே இதை ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கேப்டன் கேட்டது வேறு: “எங்கள் முதல் வருடத்தில் இது ஏன் இல்லை சார்?”

பரிசாகக் கேடயம் கிடையாது. கேடயம் கல்லூரி அலமாரிக்குப் போய்விடும், பையன் கைக்கு எதுவும் மிஞ்சாது. நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி, ஷின் கார்டு ஒரு ஜோடி, எதிரணிப் பயிற்சியாளர்கள் அவரைப் பற்றி எழுதிய குறிப்புகள் அச்சிட்ட ஒரு தாள். செலவை நாங்கள் நால்வரும் பகிர்ந்துகொள்கிறோம். ஓட்டுச் சீட்டு, மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டம் முடிந்த அன்றே மைதானத்தில் எண்ணப்படும். இந்தப் பக்கம் உள்ள மற்றக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் சேர விரும்பினால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலாண்டுப் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே தேவைப்படும். யாருக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் பூட்ஸை எப்படி வாங்குவது என்ற கவலையும் தீர்ந்துவிட்டது. வழக்கமாக நாங்கள் பந்து வாங்கும் கடைக்காரர், ஆறிலிருந்து பத்து வரை எந்த அளவு வேண்டுமானாலும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.